சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிறவர்

இருளப்பசாமி தன் வீட்டிலிருந்து ஒரு நாளும் 'வாரேன்' என்று சொல்லிக்கொண்டு கிளம்பியவர் இல்லை. நம் பக்கத்தில் பெட்டிக்கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போகிறவன்கூட 'போயிட்டு வாரேன்' என்றுதான் படி இறங்குவான். 'போறேன்' என்பது திரும்பி வராதவர்களின் வார்த்தை. வாய்தவறி வந்துவிட்டால் வீட்டுப் பெண்கள் விடமாட்டார்கள். பிடித்து உட்காரவைத்து, ஒரு வாய் தண்ணீர் கொடுத்து, ஒழுங்காகச் சொல்லச் சொல்லி அனுப்புவார்கள். இருளப்பசாமி இரண்டையும் சொல்லமாட்டார். சட்டைப் பையில் லைசென்ஸ் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார், செருப்பை மாட்டுவார், பைக்கை உதைப்பார். ஆள் போய்விட்டது என்பது சத்தத்தை வைத்துத்தான் தெரியும்.

ஜெயபாய் கல்யாணமான புதிதில் இதற்காக அழுதிருக்கிறாள். பிறகு சண்டை போட்டாள், பிறகு விட்டுவிட்டாள். ஒன்றை மட்டும் அவளால் விட முடியவில்லை. தலைப்பிரசவத்துக்கு அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்ப ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வந்தவர், பெட்டியைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கினார். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியே பார்த்தால் ஆளைக் காணோம். டீக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தாராம். அப்போது வயிற்றிலிருந்த மகாலட்சுமிக்கு இப்போது ஒன்பது வயது. கல்நெஞ்சு என்பதற்கு ஜெயபாய் இன்றும் அதைத்தான் சாட்சியாகச் சொல்வாள்.

ஆனால் அவரைக் கல்நெஞ்சு என்று மில் பெண்களிடம் சொல்லிப் பாருங்கள், அடிக்கவே வந்துவிடுவார்கள். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஜெனரல் ஷிப்டு பஸ் ஓட்டுகிறார். காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் நாற்பத்திரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு வரவேண்டும், சாயந்திரம் கொண்டுபோய் விடவேண்டும். பதினெட்டு வருடத்தில் ஓடி வருகிற ஒருத்தியை அவர் விட்டுவிட்டு வந்ததே கிடையாது. தெருமுனையில் ஒரு சேலைத் தலைப்பு தெரிந்தால் போதும், வண்டி நிற்கும். டைம் ஆபீஸில் வாரம் ஒரு திட்டு வாங்குவார். "வருதுல்லா சார், விட்டுட்டு எப்படி வர" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

இன்னொரு வினோதமும் உண்டு. சேத்தூர் அவர் பிறந்த ஊர், அக்கா கருத்தம்மாள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். மில்லுக்குச் சேத்தூர் பக்கமும் ஒரு வண்டி ஓடுகிறது. ஓட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டும் மாட்டேன் என்றுவிட்டார். ரோடு மோசமாம். அந்த ரோடு போட்டு நாலு வருடம் ஆகிறது.

இப்படிப்பட்ட மனுசருக்குத்தான் போன ஆனி மாதம் அந்தப் பயம் வந்தது.

ஒரு திங்கட்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகம் ஸ்டாப்பில் ஆறு பெண்கள் ஏறினார்கள். கதவைச் சாத்தினார்கள். இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். இருபதடி போவதற்குள் இரண்டு கையும் சில்லிட்டுவிட்டன. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது. நெஞ்சுக்குள் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவது போல இருந்தது. ஏதோ பயங்கரமான காரியம் நடக்கப் போகிறது, இல்லை, நடந்துகொண்டே இருக்கிறது, அதைச் செய்வதே தான்தான் என்று தோன்றியது. என்ன காரியம் என்றுதான் தெரியவில்லை. ரோடு காலியாகக் கிடந்தது. ஸ்டீயரிங்கை விட்டுவிடாமல் பிடித்திருந்தார், அவ்வளவே. கால் கிலோமீட்டர் போனதும் தானாக இறங்கிவிட்டது. முதுகுச் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

மறுநாளும் அதே இடத்தில் வந்தது. அதற்கு மறுநாளும்.

மாரடைப்பு என்று முடிவு கட்டிக்கொண்டார். சாகிறதுகூடப் பெரிய பயமில்லை. பின்னால் நாற்பத்திரண்டு பேர் பேசிக்கொண்டும் பூக்கட்டிக்கொண்டும் தூங்கிக்கொண்டும் வருகிறார்கள். தன் தலை ஸ்டீயரிங்கில் சாய்ந்தால் அந்த வண்டி எங்கே போய் மோதும் என்று ரோட்டோரப் புளியமரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள். சொல்லாமல் ஓட்டினால் கொன்றுவிடுவோம். இரண்டுக்கும் நடுவில் சோறு இறங்கவில்லை.

மில்லுக்குத் தெரியாமல் போய் ஈசிஜி எடுத்தார். ஓட வைத்தும் பார்த்தார்கள். "நெஞ்சுல ஒரு கோளாறும் இல்ல, டீயைக் குறைங்க" என்றார் டாக்டர். அது அவரை மேலும் பயமுறுத்தியது. நோய் இருந்தால் மாத்திரை இருக்கும். நோயே இல்லாமல் இப்படி வந்தால் அது வேறு ஏதோ என்றுதானே அர்த்தம்.

முதலில் கண்டுபிடித்தது ரமீஜாதான். மில்லில் நூல் சுற்றும் கோன் வைண்டிங்கில் இருபது வருட அனுபவக்காரி, டிரைவர் சீட்டுக்குப் பின்சீட்டு அவளுக்கு எழுதாத பட்டா. "அண்ணே, மடவார் வளாகம் தாண்டுனதும் ஒமக்கு ஏன் இம்புட்டு வேர்க்குது" என்று காதோரமாகக் கேட்டாள். அவளே முடிவும் சொன்னாள். அந்த வளைவில் ஒரு லாரிக்காரன் அடிபட்டுச் செத்தானாம், வருகிற வண்டியை எல்லாம் பிடிக்கிறானாம். மறுநாள் பாட்டிலில் ஓதின தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தார். சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலேயே திருவண்ணாமலை என்கிற குன்றில் படியேறிப் பெருமாளைக் கும்பிட்டு, கையில் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். பெருமாளும் தண்ணீரும் தங்களால் ஆனதைச் செய்திருப்பார்கள். திங்கட்கிழமை மடவார் வளாகத்தில் பயம் சொன்ன நேரத்துக்கு வந்து ஏறிக்கொண்டது.

ஆவணி நடுவில் அது நடந்தது. வண்டி எடுத்து நூறடி போயிருக்கும். கண்ணாடியில் எதையோ பார்த்தார். என்ன என்று பிறகு கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. கால் தானாகப் போய் பிரேக்கில் ஏறி நின்றது. பெண்கள் எல்லோரும் முன்னால் வந்து விழுந்தார்கள். ரமீஜாவின் நெற்றி கம்பியில் இடித்து மூன்று தையல். பின்னால் வந்த பால் வண்டிக்காரன் ரோட்டை விட்டு இறங்கித் தப்பித்தான். வண்டிக்கு முன்னால் நாயுமில்லை நரியுமில்லை.

மில் மேனேஜர் சத்தம் போடவில்லை, அதுவே மோசமான அறிகுறி. "ஒரு வாரம் லீவு. அரசு ஆஸ்பத்திரியில வண்டி ஓட்ட லாயக்குன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லைன்னா கோன் பெட்டி அடுக்குற வேலை பாருங்க" என்றார்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் எல்லாக் காகிதத்தையும் புரட்டிவிட்டு, மனநலப் பிரிவு என்று எழுதியிருந்த அறைக்கு அனுப்பினார். இருளப்பசாமி அந்தப் போர்டைப் படித்ததும், தெரிந்த முகம் ஏதாவது வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார். பைத்தியம் என்று முத்திரை குத்தினால் அப்புறம் ஆட்டோகூட ஓட்டமுடியாது.

உள்ளே இருந்தது கவுன்சிலர் ஷிஃபா. முப்பது வயதிருக்கும். அவளுடைய முதல் கேள்வியே அவரைத் திகைக்க வைத்தது.

"வராத நாள் எதுவும் உண்டாண்ணே?"

எல்லோரும் வந்த நாளைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள். அவர் பையிலிருந்து டிரிப் ஷீட்டுகளை எடுத்தார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எத்தனை மணிக்கு எத்தனை பேர் ஏறினார்கள் என்று டிரைவரே எழுதவேண்டும், அது மில் வழக்கம். பயம் வந்த நாட்களில் ஓரத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு சின்னப் புள்ளி வைத்திருந்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஐம்பத்தைந்து நாளில் புள்ளி இல்லாத நாட்கள் நாலு. அந்த நாலு நாளும் மடவார் வளாகத்தில் ஏறியவர்கள் ஐந்து பேர். மற்ற நாளெல்லாம் ஆறு.

"அந்த ஆறாவது ஆள் யாரு?"

யோசித்தார். "மாரிச்செல்வி. ஆனியிலதான் வேலைக்குச் சேர்ந்துச்சு." சொன்னதும் காது சிவந்துவிட்டது. "மேடம், எனக்கு நாப்பத்திநாலு வயசு. பிள்ளை சத்தியமா அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"நான் அப்படி நினைக்கலண்ணே. அவ எப்படி ஏறுவா, அதை மட்டும் சொல்லுங்க."

"எப்படின்னா… நாலு வயசுல ஒரு பொம்பளப் பிள்ளை அதுக்கு. நாத்தனார்காரி கையில பிடிச்சுக் கொடுத்துட்டு, பிள்ளைட்ட சொல்லிட்டு ஏறும்."

"என்ன சொல்லிட்டு?"

  தண்ணீர் குடித்தார். "போறேன்னு சொல்லும்" என்றார்.

ஷிஃபா பேனாவைக் கீழே வைத்தாள். "எந்தத் தாயாவது பிள்ளைட்ட போறேன்னு சொல்லுவாளாண்ணே?"

இருளப்பசாமி விழித்தார். மாரிச்செல்வி அப்படிச் சொல்லவே மாட்டாள். 'அம்மா இந்தா வாரேன்' என்பாள். இரண்டு மாதமாக அவர் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. தெரிந்திருந்தும் வாய் எப்படி வேறு ஒன்றைச் சொல்லிற்று? மற்ற பயமெல்லாம் வெளியிலிருந்து வந்தது. தன் நாக்கே தன்னைக் கேட்காமல் நடக்கிறது என்பது அவரை அங்கேயே நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வைத்தது.

"ஒங்க அம்மா இருக்காங்களா?" என்றாள் ஷிஃபா.

"மஞ்சக்காமாலையில செத்துட்டா. எனக்கு அப்ப ஒரு வயசு. மொகமே ஞாபகமில்ல."

"இதை ஒங்ககிட்ட யாரு சொன்னா?"

"அப்பாதான். அவரும் போய்ச் சேர்ந்துட்டாரு."

"நாம மறந்துட்டோம்னு நினைக்கிற சிலது மறக்கிறதில்லண்ணே" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். "ஆழ்மனசுல உக்காந்துக்கிட்டு, நம்ம கை காலை வச்சே அது வேலையைப் பார்த்துக்கிடும். வேற யாருக்கும் தெரியுமான்னு கேட்டுட்டு வாங்க. வண்டி ஓட்ட லாயக்குங்கிற சீட்டைப் பத்தி டாக்டர்ட்ட நான் பேசறேன்."

கேட்க ஒரே ஆள்தான் உண்டு. மறுநாள் பைக்கில் சேத்தூர் போனார். கருத்தம்மாள் முற்றத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். தம்பியைவிட எட்டு வயது மூத்தவள். உட்கார்ந்ததும் கேட்டுவிட்டார். "அக்கா, அம்மா எப்படிச் செத்தா?"

கருத்தம்மாளின் கை நின்றது. "இப்ப என்னலே அதுக்கு?"

"நான் வண்டியை இடிச்சு நாப்பது பேரைக் கொல்றதுக்கு முன்னால சொல்லிரு."

கடலைத் தொலியைக் கிளறினாள். பிறகு முகத்தைப் பார்க்காமலே பேசினாள். "சாகல. போயிட்டா. ஒனக்கு அப்ப ஒரு வயசு இல்லலே, நாலரை. அப்பா அடிக்காத நாள் கெடையாது, அவளும் எம்புட்டுத்தான் தாங்குவா. ஒரு நாள் காலையில நம்ம ரெண்டு பேரையும் பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிட்டுப் போனா. ஒன் கையை எங்கிட்டப் பிடிச்சுக் கொடுத்தா. 'தம்பியப் பார்த்துக்கோ, அம்மா இந்தா வாரேன்'னு சொல்லிட்டுத் தென்காசி பஸ்ஸுல ஏறிட்டா."

இருளப்பசாமிக்குக் கைகள் சில்லிட்டன. மடவார் வளாகம் அங்கிருந்து இருபது கிலோமீட்டர். பயம் ஆள் இருக்கிற இடம் தேடி வந்துவிட்டது.

"நீ கையை ஒதறிட்டு பஸ்ஸு பொறத்தாலயே ஓடுன. கத்திக்கிட்டே ஓடுன. டிரைவர் கண்ணாடியில பார்த்தான்லே. நான் கண்ணால கண்டேன், பார்த்தான். நிறுத்தல." கருத்தம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "ஒரு மாசம் வேலைக்குப் போற மாதிரி தெனமும் அந்த ஸ்டாப்புல போய் நின்ன. பொறவு ஒரு காய்ச்சல் வந்துச்சு. எந்திரிச்சப்ப அம்மான்னு ஒருத்தி இருந்ததையே மறந்துட்ட. மறந்தது மறந்ததாவே இருக்கட்டும்னு அப்பாதான் காமாலைக் கதையைக் கட்டினாரு. பிடியை விட்டது நான்லே. பன்னெண்டு வயசு எனக்கு, கெட்டியாப் பிடிக்கத் தெரியல."

அவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.  கண்ணாடியில் தான் பார்த்தது இப்போது துலக்கமாகத் தெரிந்தது. ரோட்டோரத்தில் ஒரு பிள்ளை நின்று சிறுத்துக்கொண்டே போகிறது. அதன் தாயைத் தூக்கிக்கொண்டு போகிறவன் தான். பதினெட்டு வருடம் ஓடி வந்த ஒருவரையும் விடாமல் வண்டியை நிறுத்தி நிறுத்தி, எந்த டிரைவராக ஆகக்கூடாது என்று இருந்தாரோ, அந்த டிரைவராகத் தினமும் காலை ஏழே முக்காலுக்கு ஆகிக்கொண்டிருந்தார்.

நடந்ததையெல்லாம் போய் ஷிஃபாவிடம் சொன்னார். இனி வராதுதானே என்று கேட்டார். வரும் என்றாள் அவள். வந்தால் அது யாருடைய பயம் என்று தெரிந்துகொண்டு ஓட்டுங்கள், குறைகிற வரை வாராவாரம் வந்து போங்கள் என்றாள். டாக்டர் ஒரு சுற்று அவர் வண்டி ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை மடவார் வளாகத்தில் ஆறு பேர் ஏறினார்கள். பயம் வந்தது. கை சில்லிட்டது, மூச்சு பாதியில் நின்றது, ஒன்றும் குறையவில்லை. ஆனால் அவர் கண்ணாடியை நேராகப் பார்த்தார். பிள்ளை நின்றுகொண்டிருந்தது, ஓடவில்லை. நாத்தனாரின் கையை ஆட்டிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. இதன் அம்மாவைச் சாயந்திரம் அஞ்சரைக்கு இதே இடத்தில் நான்தான் இறக்கிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டார். வண்டி இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து போயிற்று. நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிய ரமீஜா இரண்டு கையாலும் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டே வந்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது. சாயந்திரம் ஐந்து இருபத்தெட்டுக்கு மாரிச்செல்வி இறங்கினாள். பிள்ளை வந்து காலைக் கட்டிக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்தார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜெயபாயிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அழுதாள். பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்றவரை இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. "இத்தனை வருசமா ஒங்களைக் கல்நெஞ்சுன்னேனே. நாளைக்காவது பிள்ளைட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கெளம்புங்க" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால். மகாலட்சுமிக்கு ஜெயபாய் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இருளப்பசாமி லைசென்ஸைத் தட்டிப் பார்த்தார், செருப்பை மாட்டினார். வாசலில் திரும்பி நின்றார்.  நாற்பது வருடமாகச் சொல்லாத வார்த்தை, எந்தச் சுருதியில் சொல்வது என்றுகூடத் தெரியவில்லை.

"மகா… அப்பா போயிட்டு வாரேன்."

சொல்லி முடித்ததும் பைக்கை உதைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார், நின்றால் கண் கலங்கிவிடும் என்று. தெரு திரும்புகிற இடத்தில் பழக்கதோஷத்தில் கண்ணாடியைப் பார்த்தார்.

மகாலட்சுமி ஓடி வந்துகொண்டிருந்தாள். வெறுங்கால். ஒரு பக்கம் பின்னல், மறுபக்கம் விரித்த தலை. வாய் திறந்திருந்தது, பைக் சத்தத்தில் கத்துவது கேட்கவில்லை. அந்தப் பயம் மொத்தமும் எழுந்து அவர் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தார்.

நின்றுவிட்டார்.

பிள்ளை வந்து சட்டையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்தாள். மூச்சு இரைத்தது. "எங்கப்பா போறீங்க?"

"மில்லுக்குத்தான்டா. எங்க போவேன்."

"பொய். தெனமும்தான் மில்லுக்குப் போறீங்க. ஒரு நாளும் சொன்னதில்லல்ல. பொறவு இன்னைக்கு மட்டும் ஏன் வாரேன்னு சொன்னீங்க?"

 இருளப்பசாமி பைக்கை ஓரங்கட்டி நிறுத்தினார். ரோட்டிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டார். சட்டையை விடுகிறாளா என்று பார்த்தார், விடவில்லை. ஏன் சொன்னேன் என்பதை அவளுக்குப் புரிகிற மாதிரி, அடித்த அப்பாவையும் அடி வாங்கிய அம்மாவையும் விட்டுவிட்டு, ஒரு பஸ்ஸையும் ஒரு பிள்ளையையும் மட்டும் வைத்துச் சொன்னார். அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டு, இன்னொரு பின்னலும் முடிகிற வரை வாசலில் காத்திருந்தார். பிறகு மறுபடியும் 'வாரேன்' என்றார். அவள் யோசித்துவிட்டு, "எத்தனை மணிக்கு?" என்றாள். "ஆறரைக்கு" என்றார்.

அன்று மில் வண்டி பதினான்கு நிமிடம் தாமதம். டிரிப் ஷீட்டில் தாமதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. வழக்கமாக டயர், ரயில் கேட் என்று எதையாவது எழுதுவார். அன்றைக்கு, 'வீட்டில் சொல்லிக்கொண்டு வர நேரமாகிவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.